பழைய வீடும் எட்டுப் பங்கும்: பில்டரிடம் கையெழுத்துப் போடுமுன் வாரிசுகள் அறிய வேண்டியவை

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, ராஜபாளையம் போன்ற ஊர்களின் பழைய கடைவீதிகளில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். திண்ணையும் மரத்தூணும் ஓட்டுச் சரிவுமாக நிற்கும் வீடுகளுக்கு நடுவே பச்சை வலை கட்டிய ஒரு புதுக் கட்டடம். ஓராண்டு கழித்துப் போனால் அதே தெருவில் இன்னொரு பச்சை வலை.

யார் இடித்தது என்று கேட்டால் எல்லோரும் பில்டரைக் கைகாட்டுவார்கள். ஆனால் எந்த பில்டரும் தானாக வந்து ஒரு வீட்டை இடித்துவிட முடியாது. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஜேசிபி வருகிறது. ஒரு பழைய வீட்டின் தலைவிதி பெரும்பாலும் பாட்டனார் மறைந்து பங்கு பிரிக்காமல் விட்ட அந்தச் சில ஆண்டுகளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே பாதுகாப்பு பற்றிய பேச்சைத் தொல்லியல் துறையிலிருந்து தொடங்காமல், நம் குடும்பத்திலிருந்தே தொடங்குவோம்.

நகரின் நடுவில் ஏன் இந்த நெருக்கடி?

விருதுபட்டியாக இருந்த ஊர் 1923-ல் விருதுநகர் ஆனது. அதற்கு முன்பே, 1876-ல் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை வந்து, பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் வணிகத்தால் ஊர் வளர்ந்துவிட்டது. 1920-களில் தீப்பெட்டித் தொழிலும் பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் சேர்ந்து சிவகாசியை வளர்த்தன. 2021-ல் அது மாநகராட்சியானது. வணிகம் செய்தவர்கள் கடைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். முன்கட்டில் கடை அல்லது கிட்டங்கி, நடுவில் முற்றம், பின்கட்டில் குடும்பம், கடைசியில் கிணறு என்று அகலம் குறைந்து நீளம் கூடிய மனைகள் பல அப்படி உருவானவை.

இன்று அந்த மனைகளுக்குக் கிராக்கி கூடியதற்குக் காரணங்கள் உண்டு. பட்டாசுக் கூடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. அதனால் ஊரைச் சுற்றியுள்ள எல்லா நிலத்திலும் வீடு கட்டிவிட முடியாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்த பிறகு, வில்லங்கமில்லாத மனை வேண்டும் என்ற எச்சரிக்கையும் மக்களிடம் வந்தது. பழைய நகரின் மனைக்குக் குடிநீர் இணைப்பு, சாக்கடை, நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம், பள்ளிவாசல், பேருந்து நிலையம் எல்லாம் இருக்கிறது. பில்டர் பார்ப்பது இதைத்தான்.

வாடகைச் சட்டமும் தன் பங்கைச் செய்தது. 1960-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில் பல பழைய கட்டடங்களின் வாடகை மராமத்துச் செலவுக்கே போதவில்லை. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறேன் என்பது குடியிருப்பவரைக் காலி செய்யக் கோரும் காரணங்களில் ஒன்றாக அச்சட்டத்திலேயே இருந்தது. பழுது பார்க்க வருமானமில்லை, இடிக்க மட்டும் வழியுண்டு என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தப்படி வாடகையை நிர்ணயிக்க வழி செய்கிறது. ஆனால் அதற்குள் பல கூரைகள் இறங்கிவிட்டன.

இந்த மாவட்டத்தில் தப்பிய இரண்டு வீடுகள்

விருதுநகரில் காமராஜர் வளர்ந்த சிறிய வீடு இன்று அரசு நினைவில்லம். ராஜபாளையத்தில் பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடையாகக் கொடுத்தார். அது காந்தி கலை மன்றம் ஆனது. இருவரும் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர்களாக இருந்தவர்கள். ஒரு வீட்டை அரசு காத்தது, இன்னொன்றை உரிமையாளரின் முடிவு காத்தது. திருவில்லிபுத்தூரில் உள்ள திருமலை நாயக்கர் அரண்மனை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

அரசரும் முதலமைச்சரும் வாழ்ந்த கட்டடங்களுக்கு இப்படி வழி பிறந்தது. மிளகாய் மண்டி வைத்திருந்தவர், தறி போட்டவர், ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போய்ச் சம்பாதித்து வந்து வீடு கட்டியவர் ஆகியோரின் வீடுகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு தெருவைத் தெருவாகக் காட்டுவது அவைதான்.

சட்டம் எவ்வளவு தூரம் காக்கும்?

மத்தியத் தொல்லியல் சட்டம் 1958-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி அறிவிக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். மாநில அளவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இரண்டுமே முறைப்படி அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு உரியவை. சாதாரணக் குடியிருப்பு வீடு அவற்றின் பார்வைக்கே வராது.

இந்த இடைவெளி சென்னையில் ஒரு வழக்கால் வெளிப்பட்டது. அண்ணா சாலையில் 1897-ல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வேலை 2006-ல் தொடங்கியபோது, இன்டாக் அமைப்பு உயர்நீதிமன்றம் சென்றது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு இடிப்பைத் தடுத்து, பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஒரு குழு அமைக்க உத்தரவிட்டது. ஆனால் அந்தக் குழுவின் எல்லை சென்னைப் பெருநகரம். மாநிலம் முழுமைக்குமாக 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஆணையம் அமைய நெடுங்காலம் பிடித்தது. பட்டியலில் ஏறாத கட்டடத்தை அதுவும் காக்காது.

ஆகவே உங்கள் தெருவிலுள்ள நூறாண்டு வீட்டை அரசு வந்து தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்க்க இடமில்லை. முடிவு வாரிசுகளின் கையில்தான்.

எட்டு சென்ட் வீடு எப்படிப் பிரிகிறது?

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். எட்டு சென்ட் மனையில் வீடு உள்ள ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்களை விட்டுவிட்டு மறைகிறார். அவருடைய பெற்றோர் முன்பே இறந்துவிட்டார்கள். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக மீதியை சூரா அந்நிஸாவின் 11, 12-ஆம் வசனங்கள் சொல்லும் விகிதத்தில் பிரிக்க வேண்டும். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பாகத்தில் ஆண் ஒருவருக்கு இரண்டு, பெண் ஒருவருக்கு ஒன்று. அதாவது தாய்க்கு ஒரு சென்ட், மகன்களுக்கு இரண்டிரண்டு சென்ட், மகள்களுக்கு ஒவ்வொரு சென்ட்.

தாளில் இது சுலபமாகப் பிரிந்துவிடும். நடைமுறையில் முற்றமும் பத்தியும் உள்ள வீட்டை எட்டாக வெட்ட முடியாது. "அம்மா இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று விடுகிறார்கள். அம்மா மறைகிறார். பிறகு ஒரு மகனும் மறைந்து அவருடைய பிள்ளைகள் வாரிசாக வருகிறார்கள். மூன்றாம் தலைமுறையில் இருபது முப்பது கையெழுத்துகள் தேவைப்படும். ஒருவர் துபாயில், ஒருவர் கோலாலம்பூரில் இருப்பார். கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது என்று யாருக்கும் தெரியாது. அப்போது வரும் பில்டர்தான் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிறார். வீட்டை விற்கும் ஆசையைவிடப் பங்கு தீர வேண்டுமே என்ற தவிப்புதான் அங்கே பெரிதாக இருக்கும்.

வீட்டுக்கு இணையான இழப்பு மகள்களுக்கு. பங்கு பிரிக்காத வீட்டில் அக்கா தங்கைகளின் உரிமை பேச்சோடு நின்றுவிடுவதும், கடைசியில் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதும் நாம் அறியாததல்ல. பழைய வீட்டைக் காப்பது அவர்களுடைய பங்கை விழுங்குவதாக ஆகிவிடக் கூடாது.

பில்டரின் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

எட்டு சென்ட் என்பது சுமார் 3,485 சதுர அடி. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில், உயரடுக்கு அல்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனைப்பரப்பைப்போல் இரு மடங்கு, சுமார் 6,970 சதுர அடி வரை கட்டலாம். குறுகிய தெரு, பக்க இடைவெளி, வாகன நிறுத்தம் எல்லாம் சேர்ந்தால் பழைய நகரில் அந்த அளவு முழுதாகக் கிடைப்பது அரிது. கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் பாதிக்குப் பாதி என்றால் வாரிசுகளுக்கு 3,485 சதுர அடி. அதை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 435 சதுர அடி.

ஒரு சென்ட் மண் வைத்திருந்த மகளுக்குக் கிடைப்பது 435 சதுர அடி கட்டடம். அதில் பொது மாடிப்படியும் சுவரும் கழிந்தால் ஒரு சிறு குடும்பம் குடியிருக்கும் வீடாகாது. அதன் கீழே உள்ள மண்ணில் அவருடைய பிரிக்கப்படாத பங்கு அரை சென்ட். எப்படியும் சிலர் பணமாக வாங்கிக்கொண்டு விலகத்தான் வேண்டும். பணம் கொடுத்துத் தீர்ப்பதுதான் முடிவென்றால், இடிப்பதற்கு முன்பே குடும்பத்துக்குள் அதைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாமே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ திட்டத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. எட்டு சென்ட் என்பது சுமார் 324 சதுர மீட்டர்தான். கடைவீதி மனைகளில் எழும் பல சிறு அடுக்குமாடிகள் இந்த விலக்குக்குள் வந்துவிடும். வேலை பாதியில் நின்றால், பதிவான திட்டத்துக்குரிய பாதுகாப்பை நீங்கள் எதிர்பார்க்க முடியாது. ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் துணை.

இடிக்காமல் பங்கைத் தீர்க்கும் வழிகள்

முதலாவது, ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்வது. வாரிசு ஒருவர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு தம் பங்கிலிருந்து விலகுவதை ஃபிக்ஹு நூல்கள் தகாருஜ் என்று குறிப்பிடுகின்றன. நம் பதிவு அலுவலகத்தில் இதற்குரியது விடுதலைப் பத்திரம். குடும்பத்தாருக்குள் எழுதும் இத்தகைய பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம். அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாருக்கு விற்றால் தீர்வை 7 சதவீதம். தொகையைச் சந்தை மதிப்பில் மதிப்பிட்டு, தவணையாக இருந்தாலும் எழுத்தில் வைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, முன்கட்டை வைத்துக்கொண்டு பின்கட்டில் கட்டுவது. நீளமான மனைகளுக்கு இது பொருந்தும். தெருவைப் பார்த்த திண்ணையும் நிலைக்கதவும் கூடமும் நிற்கும். பின்னால் மாட்டுத்தொழுவமும் விறகறையும் இருந்த இடத்தில் இரண்டு மூன்று வீடுகள் எழும்.

மூன்றாவது, வாடகைக்கு விட்டுப் பங்குப்படி வருமானத்தைப் பிரித்துக்கொள்வது. மருத்துவர், வழக்கறிஞர் அலுவலகம், நூலகம், தையல் பயிற்சிக்கூடம், உணவகம் என்று முற்றமுள்ள வீட்டுக்குப் பயன்கள் பல. வாடகையில் ஒரு பகுதி மராமத்துக்கு என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

நான்காவது, வக்ஃபு. சந்ததியினருக்கான வக்ஃபு, அதாவது வக்ஃப் அலல் அவ்லாத், 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவில் செல்லுபடியாக்கப்பட்டது. பெண் வாரிசுகள் உள்ளிட்டோரின் வாரிசுரிமையை மறுப்பதாக அது அமையக் கூடாது என்று 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆலிமையும் வழக்கறிஞரையும் ஒருசேரக் கலந்துகொண்டே இதில் இறங்க வேண்டும்.

செய்ய முடியாததையும் சொல்லிவிட வேண்டும். "இந்த வீடு மூத்தவனுக்குத்தான்" என்று உயில் எழுதி வைத்தால் போதாது. வஸிய்யத் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. வாரிசு ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

ஒரு பங்காளி மட்டும் வெளியாருக்கு விற்றுவிட்டால்?

நெருக்கடியில் இருக்கும் ஒருவருடைய பங்கை வெளியார் வாங்கிக்கொண்டு, மற்றவர்கள்மேல் பாகவழக்குப் போடுவது உண்டு. பங்காளிக்கு முதல் உரிமை தரும் ஷுஃப்ஆவை, பழைய சென்னை மாகாணத்தின் உயர்நீதிமன்றம் 1870-லேயே சட்ட உரிமையாக ஏற்கவில்லை. ஆனால் வேறு பாதுகாப்பு இருக்கிறது. குடும்பம் கூடிவாழும் வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியார், உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்கும் உரிமையைக் கோர முடியாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குக் குடும்பத்தின் பங்காளி வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழிவிடுகிறது. இந்துக் குடும்பங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி நம்மவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

"எப்போது வேண்டுமானாலும் விழுந்துவிடும்" என்பது உண்மையா?

சில வீடுகளுக்கு அது உண்மைதான். அங்கே உயிர்தான் முக்கியம். உடனே காலி செய்ய வேண்டும். ஆனால் இந்தச் சொல்லை வாங்க வருபவர் வாயிலிருந்து மட்டும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். இடிப்பதா வேண்டாமா என்ற கேள்வியோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது.

மரக்கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பால் இறுக்கிய கூரையை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். கொத்தனார்கள் கட்டைக்குத்து என்பார்கள். இதன் முதல் எதிரி தண்ணீர். மாடியில் தண்ணீர் தேங்கினால் கட்டை சுவருக்குள் நுழையும் முனை முதலில் உளுக்கும். கட்டையின் நடுப்பகுதி திடமாக இருக்க, முனை மட்டும் கெட்டிருக்கும். அந்த முனையை மாற்றவோ தாங்கு கொடுக்கவோ முடியும். கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசஞ்செடியை மேலே வெட்டினால் போதாது. வேரோடு எடுக்க வேண்டும்.

அடுத்த எதிரி சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, ஓதம் ஏறி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். "எத்தனை முறை பூசினாலும் நிற்கவில்லை" என்று சொல்லப்படும் சுவர்கள் பல இப்படிக் கெட்டவைதான். பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும். ஆற்காடு நவாப் 1768-ல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரையிழந்தது. பலரும் முடிந்தது என்று எண்ணிய அந்தக் கட்டடத்தைப் பொதுப்பணித்துறை பழைய முறையில் சுண்ணாம்பு கொண்டு மீட்டது.

பள்ளிவாசல் விஷயத்தில்

வீட்டைப் பற்றிச் சொன்னது ஜமாஅத்துக்கும் பொருந்தும். தொழ வருவோர் பெருகும்போது இடம் தேவைதான். ஆனால் கல்தூண் மண்டபமாக முன்னோர் கட்டிய பழைய பள்ளியை இடித்துத்தான் பெரிதாக்க வேண்டும் என்பதில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்தூண் பள்ளிகள் இன்றும் தொழுகையில் இருக்கின்றன. பழையதை உள்பள்ளியாக வைத்துப் பக்கத்தில் விரிவாக்கலாம். பள்ளிக்குரிய பழைய கட்டடங்களை வீட்டுமனைக்குக் கொடுப்பது வேறு கதை. வக்ஃபு சொத்தை விற்பதும் அடமானம் வைப்பதும் 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தொடக்கத்திலிருந்தே செல்லாதவை.

பினாங்கிலும் புதுச்சேரியிலும்

நம் முன்னோர்கள் போய் வணிகம் செய்த பினாங்கின் ஜார்ஜ் டவுன் இதே வழியைக் கடந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து போன காதர் முகைதீன் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சூலியா தெருவும் இருக்கும் பகுதி அது. பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரியில் நீங்கியதும் வாடகை எகிறி, நீண்டகாலம் குடியிருந்த குடும்பங்கள் வெளியேறின. கடைவீடுகள் பல காலியாகச் சிதைந்தன. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் சேர்ந்தது, பழுது பார்க்க உதவித்தொகையும் வந்தது. கட்டடங்கள் நிமிர்ந்தன. வெளியேறிய குடும்பங்கள் எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை.

புதுச்சேரியில் தமிழர் பகுதியின் வைசியாள் தெருவில் இன்டாக் அமைப்பு வேறு வழியைக் கையாண்டது. உரிமையாளர் ஒரு பகுதி, திட்டம் ஒரு பகுதி என்று செலவைப் பகிர்ந்து திண்ணையும் தாழ்வாரமும் உள்ள வீட்டு முகப்புகளை மீட்டார்கள். அந்தத் தெருவுக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் அங்கேயே குடியிருந்தபடி நடந்த வேலை அது.

இப்போதே செய்ய வேண்டியவை

வீட்டுக்குரியவர் மறைந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பங்குகளை எழுதி, பட்டாவிலும் வீட்டு வரியிலும் பெயர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இது மகள்களின் பங்குக்கும் பாதுகாப்பு, வீட்டுக்கும் பாதுகாப்பு. மழைக்கு முன் மாடியின் தண்ணீர்ப் போக்கைச் சுத்தம் செய்யுங்கள். ஊரில் ஆண்டுக்கொருமுறை குடும்பம் கூடும்போது மராமத்துக்கு என்று ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் இடிப்பதுதான் முடிவென்றால், அது குற்றமில்லை. குடும்பத்தின் தேவை பெரிது. அப்போதும் வீட்டை அளந்து வரைந்து, ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து வையுங்கள். நிலைக்கதவையும் தூண்களையும் இடிப்பவரிடம் சும்மா விட்டுவிடாதீர்கள். அப்படி விடப்பட்ட தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. பழைய பத்திரங்களையும் கணக்கு நோட்டுகளையும் பரணிலிருந்து இறக்கி ஒருவரிடம் பொறுப்பாகக் கொடுங்கள்.

அந்த மேசையில் உட்காருமுன் அண்ணன் தம்பி அக்கா தங்கை மட்டும் ஒருநாள் அந்தப் பழைய கூடத்தில் உட்கார்ந்து, எட்டுப் பங்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வெளியாள் யாரும் இல்லாமல் நடக்கும் அந்த ஒரு பேச்சு பல வீடுகளில் நடக்கவேயில்லை.